‘இருக்கலாம்’ சொல்லும் மாப்பிள்ளை

மணி என்ன என்று கேட்டால், சட்டைக் கையை மேலே தள்ளி, கைக்கடிகாரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நிதானமாகப் பார்த்துவிட்டு, "அஞ்சே கால் இருக்கலாம்" என்பார் எங்கள் வீட்டுக்காரர். வட்ட முகமும் வியர்வையில் கறுத்துப்போன தோல்வாரும் கொண்ட அந்தக் கடிகாரம், அவர் எம்.ஏ. தேறியபோது அவருடைய அக்காள் வாங்கிக் கொடுத்தது. தினமும் காலையில் ரேடியோவில் செய்தி தொடங்கும் நேரம் பார்த்து அதைத் திருகிச் சரியாக வைப்பார். அப்படி வைத்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டும் ‘இருக்கலாம்’தான். "கையில கட்டிக்கினு இருக்கறது கடிகாரமா, இல்ல கடிகாரமா இருக்கலாமா?" என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டேவிட்டேன். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். "ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்கலாம் இல்லையா? அதை நம்பி நீ பஸ்ஸைத் தவற விட்டுட்டா?" என்றார். நான் எந்த பஸ்ஸுக்கும் போகவில்லை. உலை வைக்க நேரமாயிற்றா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

அறுபதுகளில் அவர் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில டியூட்டர். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பலரும் அதைத் தடியைப்போலத்தான் தூக்கிக்கொண்டு திரிவார்கள். பஸ் கண்டக்டரை மிரட்ட ஓர் இங்கிலீஷ், தாலுகா ஆபீஸ் பியூனை ஒதுங்கச் சொல்ல ஓர் இங்கிலீஷ். இவர் அந்த ரகம் இல்லை. வீட்டில் நாலு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு தமிழில்தான் பேசுவார். ஆனால் அந்தப் பாஷையின் தயக்கம் முழுவதும் அவர் நாக்கில் வந்து குடியேறியிருந்தது. ஜன்னலைச் சாத்து என்று சொல்ல அவருக்கு வராது. "ஜன்னலைச் சாத்த முடியுமா?" என்பார். சாத்த முடியாமல் எனக்கென்ன, கையா இல்லை? குழம்பில் உப்பில்லை என்றால் மற்ற வீட்டு ஆண்கள் தட்டைத் தள்ளுவார்கள். இவர், "இன்னும் ஒரு கல் உப்பு இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கலாமோ என்னவோ" என்பார். இவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும்.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. நான் கடலூர் முதுநகரில் மல்லாட்டை மண்டிக்காரர் வீட்டுப் பெண்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஓல்டு டவுன் என்பதைச் சுருக்கி ஓ.டி. என்று சொன்னால்தான் எங்களுக்கே எங்கள் ஊர் அடையாளம் தெரியும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்ததில் எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் உண்டு. ஆனால் அது ‘சிட் டவுன்’, ‘ஸ்டாண்ட் அப்’ வகை. "உங்க இங்கிலீஷ்காரனுக்கு நேரா பேசவே தெரியாதா?" என்று கேட்டேன். அதற்கு அவர் வகுப்பெடுக்கவில்லை. கையிலிருந்த வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "மஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. அது கம்பை வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கும். மே-ன்னு ஒண்ணு. அது வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள வரலாமான்னு கேக்கும். மைட்டுன்னு இன்னொண்ணு. அது தெருமுனையிலயே நின்னு, போகலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கும்" என்றார். "நீங்க எங்க நிக்கிறீங்க?" என்றேன். "தெருமுனையிலதான் இருக்கும்னு தோணுது" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியதாயிற்று.

அவரோடு சண்டை போடுவது இன்னும் கஷ்டம். எங்கள் வீட்டில் சண்டை என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்த வேண்டும்; அப்போதுதான் அது சண்டை. இவரோ நாம் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "நீ சொல்றது சரியா இருக்கலாம்" என்று தொடங்குவார். யூ மே பி ரைட். அதைக் கேட்டுவிட்டு, அப்பாடா, ஜெயித்தோம் என்று நாம் மூச்சு விடும்போது மெதுவாக வரும் ஒரு ‘ஆனா’. அந்த ‘பட்’ வந்த பிறகு அவர் சொல்வதை மறுக்க வாய் வராது. தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பார்த்து, இதுவும் ஒரு வீடா, கோழிக்கூண்டு என்று நான் முகத்தைத் தூக்கியபோது, "சின்னதா இருக்கலாம், ஆனா பின்பக்கம் காத்து பிச்சிக்கிட்டு வருது பாரு" என்றார். வந்தது. அவருடைய சைக்கிள் ‘பழசா இருக்கலாம், ஆனா ஓடுது’. எதிர்வீட்டுக்காரர் ‘முரடரா இருக்கலாம், ஆனா நம்ம வீட்ல யாருக்காவது காய்ச்சல்னா முதல்ல வர்றது அவர்தான்’. "இது என்ன பழக்கம், குடுக்கற மாதிரி குடுத்துட்டுப் பிடுங்கறது?" என்று கேட்டதற்கு, "பிடுங்கலையே. முதல்ல எதிராளிக்கு ஒரு நாற்காலியைப் போடறோம். உக்காந்துட்டாரா? இப்ப நம்ம பேச்சு" என்றார். அந்த நாற்காலியில் எத்தனையோ வருஷம் நான் உட்கார்ந்திருக்கிறேன். சுகமாகத்தான் இருந்தது.

எல்லோரும் அப்படி உட்காருவார்களா? பால்காரம்மா ஒருநாள் வாசலில் நின்று, நாளைக்கு விசேஷமாச்சே, கூட ஒரு படி பால் வேண்டுமா என்று கேட்டாள். நான் கொல்லையில் இருந்தேன். இவர், "தேவைப்படலாம்" என்றார். "வோணும்னா வோணும்னு சொல்லு சாமி, வாணாம்னா வாணாம்னு சொல்லு. எருமைக்கு ‘லாம்’லாம் தெரியாது" என்று அவள் போட்ட சத்தத்தில் சந்து முழுவதும் எட்டிப் பார்த்தது. அதிலிருந்து எதிர்வீட்டுக்காரர் அவரை ‘லாம் சார்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார். இவருக்கு அதில் பெருமைதான் என்று நினைக்கிறேன். அடடா, நானும் ‘நினைக்கிறேன்’ போட ஆரம்பித்துவிட்டேன், பாருங்கள்.

இப்போது சிரிக்கிறேன். ஆனால் இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு ‘சரி’யை வாங்குவதற்குள், எனக்கு வேறு ஒருவரோடு கல்யாணமே முடிந்துவிட இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

என் அப்பா மண்டியில் பேசுவது இரண்டே வார்த்தை. மூட்டையைக் குத்தி, கையளவு மல்லாட்டையை எடுத்து, இரண்டை உடைத்து வாயில் போட்டு, "எடுக்கறேன்" என்பார். இல்லாவிட்டால் "வுடு" என்பார். சொன்ன பிறகு மாற்ற மாட்டார். அவருக்கு இரண்டுங்கெட்டான் பேச்சு பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. கல்யாணப் பேச்சும் அவருக்கு அப்படித்தான். அதில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கென்று சில பூடகமான சொற்கள் உண்டு. ஊருக்கே அவை தெரியும் என்பதால் அவற்றில் குழப்பம் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள், "ஊருக்குப் போய் சேதி சொல்லி அனுப்பறோம்" என்றால் பிடிக்கவில்லை என்று பொருள். "ஜாதகத்தை இன்னொரு வாட்டி பாக்கணும்" என்றால், அறவே பிடிக்கவில்லை. யோசிக்க வேண்டும் என்று சொன்னாலோ, இனி அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்கள். மனசு நோகாமல் மறுக்கத் தெரிந்தவர்கள்தான் நாங்களும். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும்தான் சுற்றி வளைக்கத் தெரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இவர் பெண் பார்க்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால், அக்காளும் அக்காள் புருஷனும்தான் கூட வந்தார்கள். எனக்கு அதற்கு முன்பே நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பழகிப்போன வேலை. தட்டில் கேசரியும் பஜ்ஜியும், பிறகு காப்பி, பிறகு ஒரு நமஸ்காரம், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பாயில் ஓர் ஓரமாக உட்காருவது. அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். நாம் தரையைப் பார்க்க வேண்டும். நான் தரையைப் பார்க்கிறவள் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்! வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை, பஜ்ஜியின் எண்ணெயைத் துடைக்க இடம் தேடும் விரல்கள். பாவமாக இருந்தது. உள்ளே எழுந்து போய் ஒரு துண்டை எடுத்து வந்து கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்பா நேராகக் கேட்டார். "இன்னா தம்பி, பொண்ணப் புடிச்சிருக்குதா?" அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்குக் காரணம் எதுவும் இருக்கறதாத் தெரியலைங்க. உங்க பொண்ணுக்கும் இஷ்டம் இருந்தா, மேற்கொண்டு யோசிக்கலாம்" என்றார். அவருடைய அக்காள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்பாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: யோசிக்கலாம். முகம் சுருங்கிவிட்டது. மரியாதைக்கு வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்து, "யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது? எம் பொண்ணு இன்னா கணக்குப் பரிட்சையா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

என் காதில் விழுந்தது வேறு சொல். உங்க பொண்ணுக்கும் இஷ்டம் இருந்தா. முன்பு வந்துபோன அத்தனை பேரில் ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. நான் ஒன்றும் ஊமைப் பெண் இல்லை. தெருவே கேட்கப் பேசுகிறவள். ஆனாலும் இந்த விஷயத்தில் என் வாயைப் பார்த்து ஒரு மனிதர் காத்திருக்கலாம் என்று எனக்கே அதுவரை தோன்றவில்லை. அன்று முழுவதும் எந்த வேலையும் ஓடவில்லை. புளியைக் கரைத்து வைத்துவிட்டு மறுபடி புளியைக் கரைத்தேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அடுத்த வாரமே குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். நெல் மில், நன்செய், பார்க்க வாட்டசாட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா கேட்டு முடிப்பதற்குள், "புடிச்சிருக்குது மாமா, தேதி வெச்சிடுங்க" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது; அவருடைய மண்டிப் பேச்சே ஒரு மாப்பிள்ளை உருவத்தில் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி. அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் பஜ்ஜி வைக்கப் போனபோது என்னை ஒரு தரம் பார்த்ததோடு சரி. பிறகு போகும்வரை மில்லுக்கு வந்த புது மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பத்து நாளில் பெரியவர்களை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு அந்தச் சிதம்பரம் வாத்தியாரத்தான் புடிச்சிருக்குது." அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி, அவனுக்கு உன்னப் புடிக்கலியேடி!" என்றாள். "புடிக்கலைன்னு அவர் சொல்லலியே." "புடிச்சிருக்குன்னும் சொல்லலியே!" எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. அந்த மனிதர் என்னை மதித்துப் பேசினாரா, இல்லை, வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாமல் என் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போனாரா? இரண்டுக்கும் இடமிருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால் என்னவாம்? அவரை நினைத்து எத்தனை ஆசை வந்ததோ அத்தனை எரிச்சலும் வந்தது.

அப்பாவை முரடர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா சொன்னதைக் கேட்டு என்னை அவர் திட்டவில்லை. சரக்கு விஷயமாகச் சிதம்பரம் போனவர், கல்லூரி வாசலுக்கே போய் அவரைப் பார்த்து மறுபடியும் கேட்டிருக்கிறார். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றபடி சொன்னார்: "கேட்டேன். காப்பி வாங்கிக் குடுத்தான், நல்ல பையன், மரியாதைக்குக் கொறச்சல் இல்ல. ‘எனக்கு ஆட்சேபணை இருக்க முடியாதுங்க, ஆனா அவங்க மனசு தெரியாம நான் எப்படி’ன்னு இழுக்கறான். இருக்க முடியாதுன்னா இல்லன்னு அர்த்தமா, இருக்கக் கூடாதுன்னு அர்த்தமா? படிப்பு ஜாஸ்தியாயிட்டா இப்படித்தான். அவன் பேச்சப் புரிஞ்சிக்கறதுக்கு நான் ஒரு டியூசன் வெச்சிக்கணும்."

பிறகுதான் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். பேச்சை நம்பினால்தானே தொல்லை? எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் சோறு சாப்பிட மாட்டார்கள். சம்பந்தம் முடிவான பிறகுதான் பெண் வீட்டில் கை நனைப்பது. கை நனைத்துவிட்டால் அதன் பிறகு பேச்சு மாறக் கூடாது; மாறினால் ஊர் காறித் துப்பும். "ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கறேன். தனியாத்தான் வருவான். எல போட்டு ஒக்கார வெப்போம். கை நனைச்சான்னா அவன் நம்ம ஆளு. ஏதாச்சும் சாக்கு சொல்லி எழுந்தான்னா, திங்கக்கெழம குறிஞ்சிப்பாடிக்கு ஆள் அனுப்பிடறேன். அதுக்கு மேல என்னைக் கேக்கக் கூடாது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஹாஸ்டலிலேயே வளர்ந்த மனிதருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியுமா? தெரியாமல் பசிக்குச் சாப்பிட்டுவிட்டால், அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். பொறியில் விழுந்த எலியைப்போல ஒருவரைப் பிடித்து அவரோடு குடித்தனம் நடத்த எனக்கு மனசில்லை. தெரிந்து, சாப்பிடாமல் எழுந்தாலோ, திங்கட்கிழமை என் கதை முடிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அழுகைதான் வந்தது. அம்மா மட்டும், சிதம்பரத்துக்காரர் என்பதால் கத்திரிக்காய் கொத்சு வைக்க வேண்டும் என்று பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுபகாரியம் என்று வீட்டில் மீன்கூட வாங்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாத வீடு அன்று எங்கள் வீடு ஒன்றுதான்.

பாசஞ்சர் வண்டி தாமதம். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர் இரண்டு மணிக்குமேல் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பரங்கிப்பேட்டையில் வண்டியை வெகுநேரம் நிறுத்திவிட்டார்களாம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று. கைகால் கழுவ என் தம்பி தண்ணீர் மொண்டு கொடுத்தான். கூடத்தில் மணை போட்டு இலை போட்டார்கள். அப்பா எதிரே உட்காராமல், தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். அம்மா பரிமாறினாள். சோறு, பருப்பு, கொத்சு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றிலிருந்து ஆவி எழும்பி அவர் முகத்தில் அடித்தது. கை இலைக்கு மேலே வந்தது. அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடிக்குத் திரும்பிப் போனது.

"இன்னா தம்பி, சாப்புடு" என்றார் அப்பா. குரல் அவருடையதாகவே இல்லை.

"மன்னிக்கணும்" என்றார் அவர். "இங்க கை நனைச்சா என்ன அர்த்தம்னு எங்க அக்கா சொல்லித்தான் அனுப்பினாங்க. எனக்குச் சம்மதம். அன்னைக்கே சம்மதம். இதுல ‘லாம்’ எதுவும் கிடையாது." அப்பா தூணை விட்டு நிமிர்ந்தார். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஆனா" என்றார் அவர். இருக்காதா பின்னே, அது இல்லாமல் அவருக்குப் பேச்சு ஏது? "ஆனா, அவங்களுக்குச் சம்மதமான்னு இந்த வீட்ல இன்னும் யாருமே எனக்குச் சொல்லலை. அதைக் கேட்டுட்டுச் சாப்பிடறேனே."

அம்மா திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். என் அப்பா என் முகத்தைப் பார்த்து, என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. நான் வெளியே வந்தேன். எதையும் நேராகப் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவளுக்கு, ‘சம்மதம்’ என்ற அஞ்சு எழுத்து வாயில் வரவில்லை. ஆவி அடங்கிக்கொண்டிருந்த சோறுதான் கண்ணில் பட்டது. "சோறு ஆறிப்போவுது. சாப்புடுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னது ‘சாப்பிடலாம்’ இல்லை, ‘சாப்பிட முடியுமா’ இல்லை. அதற்கப்புறம் அந்த மனிதர் சாப்பிட்ட வேகம் இருக்கிறதே! பருப்பையும் கொத்சையும் சேர்த்துப் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அப்பா சட்டென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து, "இன்னா பாத்துக்கினு நிக்கற? மாப்ளைக்கு நெய் ஊத்து" என்று அதட்டினார். அதுவரை தம்பியாக இருந்தவர் அந்த நெய்யோடு மாப்பிள்ளையாகிவிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, கொத்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம், ஆனா இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

கல்யாணம் முடிந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போகும்போது, ஆலப்பாக்கம் தாண்டியதும் அவரிடம் கேட்டேன். "சம்மதம்னு அன்னைக்கே நேரா சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு இத்தினி நாள் அழுகை மிச்சமாயிருக்குமே?" அவர் ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்கலாம்" என்றார். "ஆனா நான் சரின்னு சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் உன்னை யாரும் கேக்காமலே போயிருக்கலாம்." கல்யாணப் புடவையோடு அழுதால் பார்க்கிறவர்கள் அம்மா வீட்டை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தைரியத்தில் நன்றாகவே அழுதேன்.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைப்போல, என் அப்பாவைப்போல. சுற்றி வளைக்கத் தெரியாது. "மாத்திரையப் போடு." "தனியாக் கோயிலுக்குப் போவாதே." "கண் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு." எல்லாம் அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம் மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். "வீட்டைப் பூட்டிச் சாவியைக் குடுத்துட்டு வந்துடும்மா. இனிமே இங்கதான். டிக்கெட் போட்டாச்சு" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். முட்டிவலியோடு நான் தனியாக எத்தனை நாள் இருக்க முடியும்? ஆனாலும் எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. "வர்றியாம்மான்னு ஒரு வாட்டி கேளுடா" என்றேன். "அதான் டிக்கெட் போட்டாச்சேம்மா" என்றான். "போட்டாப் போட்டது. நீ கேளு." அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். பிறகு, சின்ன வயதில் பேசுகிற குரலில், "வர்றியாம்மா?" என்று கேட்டான்.

கேட்டுவிட்டான். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்ல பிள்ளை, வைக்காமல் காத்திருந்தான்.